சொந்தச் செலவில் அச்சிட்ட நூலை நடைபாதையில் விற்றல்: ஒரு நாளின் கணக்கு

தாழங்கரை எழுதியது:

சொந்தச் செலவில் நூல் வெளியிட்டவர்கள் இங்கே பலர் இருப்பதால், தெருவில் உட்கார்ந்து விற்ற ஒரு நாளைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். என் சிறுகதைத் தொகுப்பு டெமி அளவில் (நூல்களுக்கு வழக்கமான ஒரு நடுத்தர அளவு) 160 பக்கம் கொண்டது. முந்நூறு படிகள் அச்சிட்டேன். ஒரு படியின் அடக்க விலை ஏறத்தாழ 90 ரூபாய், அட்டை விலை 180 ரூபாய். கடைக்குக் கொடுத்தால் 40 விழுக்காடு வரை கழிவு கேட்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் 108 ரூபாய் கைக்கு வரவேண்டும். அந்தப் பணமும் விற்ற பிறகு, நாம் இரண்டு மூன்று முறை நினைவூட்டிய பிறகுதான் வருகிறது. ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலையில், பழைய புத்தகக் கடைகள் இருக்கும் நடைபாதையில், அங்கே கடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தார்ப்பாயின் ஓரத்தில் இடம் பிடித்தேன்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நண்பகல் வரை ஒரு படியும் போகவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் நூலை எடுத்து, பின்னட்டையைப் பார்த்து, விலையைக் கேட்டு, உடனே பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒருவர் முதல் தாளைப் புரட்டி, பதிப்பு விவரம் உள்ள பக்கத்தை விரலால் தடவி ஆண்டைத் தேடினார். இந்த ஆண்டுதான் என்று தெரிந்ததும், "புதுசா? புதுசு எதற்கு இங்கே வந்தது?" என்று கேட்டார். எழுதியவள் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நூலை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனார். பலர் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு நிலைமை மாறியது. கடற்கரைக்குப் போகும் கூட்டம் வந்தது. 150 ரூபாய் என்று சொன்னதும் வாங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் கையெழுத்து கேட்டார்கள். இரவு எட்டு மணிக்கு எழுந்தபோது, போக்குவரத்து, சாப்பாடு, தேநீர் எல்லாம் போக, கடையில் பதினைந்து இருபது படிகள் விற்றால் கிடைக்கக்கூடிய ஆதாயம் கையில் இருந்தது. பெண்களுக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்து மணி நேரம் நடைபாதையில் உட்காருவதில் கழிப்பறைதான் முதல் சிக்கல். தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு திரும்பினேன்.

இதைத் தொடர்ந்து செய்யலாமா, எப்படிச் செய்வது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழையசரக்கு எழுதியது:

அம்மா, நான் முப்பது ஆண்டுகளாகப் பழைய புத்தகம் விற்பவன். என் தகப்பனார் சென்னை சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் சந்தையில் கடை வைத்திருந்தார். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் தீப்பிடித்த பிறகு, பலருக்கு அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் கிடைத்தது. பலர் தெருவுக்கு வந்தார்கள். நாங்கள் தெருவுக்கு வந்தவர்கள்.

நடைபாதையில் கிடக்கும் எந்தப் புத்தகமும் வாங்க வருபவர் கண்ணுக்குப் பழைய புத்தகம்தான். அவர் பாதி விலைக்குக் கேட்பது உங்களை மதிக்காமல் அல்ல. அந்த இடத்தின் வழக்கம் அது. ஆகையால் உங்கள் நூலைப் பழைய புத்தகக் குவியலோடு சேர்த்து வைக்காதீர்கள். தரையிலும் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு, நான்கு படிகளைப் படுக்க வைத்து, ஒன்றை மட்டும் நிற்க வைத்தாலே அது புதுச் சரக்கு என்று பார்ப்பவருக்குப் புரியும். முழுச் சரக்கையும் வெளியே அடுக்கினால், மலிவாகக் கழித்துக்கட்ட வந்திருப்பதாக நினைப்பார்கள்.

இரண்டாவது, போணி. காலையில் முதலில் வந்து விலை கேட்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். 130 ரூபாய் என்றாலும் கொடுத்துவிடுங்கள். நம்பிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவர் நின்று பணம் கொடுப்பதைப் பார்த்தால்தான் அடுத்தவர் நிற்பார். நண்பகல் வரை போணி ஆகாத கடையைத் தெருவே கண்டுகொள்ளாது.

மூன்றாவது, பக்கத்துக் கடைக்காரர். நீங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தது சரியான முறை. கேட்காமல் வந்து தார்ப்பாய் விரிப்பவர்கள் உண்டு. பிறகு மாநகராட்சி வண்டி வந்தால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பதில் சொல்வது நாங்கள்.

அச்சுமை எழுதியது:

சிறிய அச்சகம் நடத்துபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கும் ஒரு தொகுதி. உங்கள் நூல் பத்து ஃபாரம். முந்நூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சுதான் பொருத்தம். ஆயிரம் படி என்றால் ஆஃப்செட்டில் அடக்க விலை நன்றாகக் குறையும். ஆனால் விற்காத எழுநூறு படிகளைப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு விலை குறைந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை என்று என்னிடம் வரும் எல்லா எழுத்தாளர்களிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

தெருவில் விற்கப் போகிறீர்கள் என்றால் அச்சகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. உள்பக்கத்துத் தாள் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், படலம் ஒட்டிய பக்கம் விரியாது. வெயிலும் கடற்காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில், இரண்டு மணி நேரத்தில் அட்டை பூவிதழ் போலச் சுருண்டு நிற்கும். சுருண்ட அட்டையைப் பார்த்தவர் மறுபடியும் பழைய புத்தகம் என்றே முடிவு செய்வார். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள அட்டை, தாளின் நார்கள் ஓடும் திசை நூலின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி வெட்டுதல், மேசையில் வைக்கும் படிகளை மணிக்கு ஒருமுறை மாற்றுதல், இந்த மூன்றையும் செய்தால் பெருமளவு தப்பலாம்.

விலையைப் பற்றி ஒரு சொல். 180 என்று அச்சிட்டு 150க்குக் கொடுப்பது நல்ல முறைதான். பேரம் பேசுபவருக்குக் குறைத்து வாங்கிய நிறைவு கிடைக்கிறது, சில்லறைத் தொல்லையும் குறைகிறது. யு.பி.ஐ. அட்டை இருந்தாலும், மாலைக் கூட்டத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, நீங்கள் நூலுக்கு வரி வாங்க வேண்டியதில்லை. ஆனால் தாளுக்கும் அச்சுப்பணிக்கும் கட்டிய வரியை நூல் விற்பவர் திரும்பப் பெற வழியில்லை, அது அடக்க விலையிலேயே தங்கிவிடுகிறது. 2025 செப்டம்பரில் பெரும்பாலான தாள் வகைகளுக்கு வரி 12லிருந்து 18 விழுக்காடாக ஏறியது. அடுத்த பதிப்புக்குக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகைமணல் எழுதியது:

உங்கள் உழைப்பை மதிக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, ஓர் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நடைபாதை வெற்றிடம் அல்ல. அங்கே ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் காத்திருப்பும், வெளியேற்றமும், வழக்கும் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அந்தப் போராட்டங்களால் வந்தது. அந்தச் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் பெறுபவர், தனக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும், தானோ தன் குடும்பத்தாரோதான் அந்தக் கடையை நடத்துவோம் என்றும் உறுதிமொழி தர வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஓர் எழுத்தாளர் அந்த உறுதிமொழியைத் தர முடியாது. தர முடியாத ஒருவர், நல்ல நோக்கத்தோடு என்றாலும், அந்த இடத்தில் உட்காருவது சரியா என்பதே என் கேள்வி.

அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக, அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்தி, அதில் கண்டறியப்பட்டவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இத்தனை பாதுகாப்பு எழுத்தில் இருந்தும், நடைமுறையில் ஒரு வியாபாரியின் இடம் எவ்வளவு எளிதாகப் பறிபோகிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தில்லியில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை பல பத்தாண்டுகளாக நடைபாதையில் நடந்தது. 2019இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கிருந்து அகற்றப்பட்டு, பின்னர் மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. நடைபாதையில் கூட்டம் கூடுகிறது, நடக்க இடமில்லை என்பதுதான் இப்படிப்பட்ட உத்தரவுகளுக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். அந்தக் கூட்டத்தில் பொழுதுபோக்காக வந்தவர் ஒருவர் சேரும்போது, பிழைப்புக்காக வந்தவரின் வழக்கு அந்த அளவுக்குப் பலவீனமாகிறது.

தாழங்கரை எழுதியது:

வைகைமணல் ஐயா, பொழுதுபோக்கு என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. கதைகளை எழுத ஆறு ஆண்டுகள் ஆயின. அச்சிட்ட பணம் என் சேமிப்பு. ஆனால் நீங்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. எனக்கு இடம் கொடுத்த பெரியவருக்கு நான் பணம் கொடுக்க முயன்றபோது அவர் வாங்கவில்லை. அவர் குவியலில் இருந்து இரண்டு பழைய நூல்களை விலை பேசாமல் வாங்கிக்கொண்டேன். அது போதுமா என்று தெரியவில்லை. பழையசரக்கு ஐயா இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

சுவடிநிழல் எழுதியது:

தெருவுக்கும் எழுத்தாளருக்கும் இருந்த பழைய உறவை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னையின் குஜிலிக் கடைத்தெருவைச் சுற்றி அச்சான பாட்டுப் புத்தகங்கள், பெரும்பாலும் எட்டுப் பக்கம், மட்டமான தாள், காலணா அரையணா விலை. வெள்ளம், ரயில் விபத்து, கொலை வழக்கு, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் சில நாள்களில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சேறிவிடும். அவற்றைத் தெருமுனையிலும் சந்தையிலும் ரயிலிலும் பாடியே விற்றார்கள். பாடியவரே எழுதியவராகவும் இருந்தது உண்டு. கேட்கும் கூட்டம் ராகத்தைப் பிடித்துக்கொள்ளும், சொற்களுக்காகப் புத்தகத்தை வாங்கும். கேட்டுவிட்டு வாங்கும் அந்த முறையை நம் கால உரைநடை எழுத்தாளர்கள் முற்றிலும் விட்டுவிட்டார்கள். நம் நூல்கள் விற்காததற்குப் படிப்பவர் இல்லை என்பதை விட, கேட்க வைப்பவர் இல்லை என்பதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பாரதி 1920இல் தன் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட எளிதாகவும் விரைவாகவும் அவை விற்றுப்போகும் என்று அதில் உறுதியாக எழுதியிருந்தார். வீட்டுக்கு வீடு வேண்டிய பலசரக்காக நூலை நினைத்த அந்தப் பார்வை எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. பணம் திரளவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தில்லி ஐ.டி.ஓ. பகுதியில் நடைபாதையில் தேநீர் விற்ற லக்ஷ்மண் ராவ், பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய தன் இந்தி நாவல்களைத் தானே பதிப்பித்து, தேநீர் அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்து விற்றார். மிதிவண்டியில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். வைகைமணல் அவர்களின் அளவுகோலில் பார்த்தால் அவர் தெரு வியாபாரி, எழுத்தாளர் இரண்டுமே. ஆகவே எழுத்தாளர் ஒரு பக்கம், தெரு வியாபாரி மறுபக்கம் என்று எல்லா இடத்திலும் கோடு போட முடியாது.

வைகைமணல் எழுதியது:

லக்ஷ்மண் ராவ் பற்றிச் சொன்னது சரியே. அவருக்குத் தெருதான் வாழ்வாதாரம் என்பதால் என் எதிர்ப்பு அவருக்குப் பொருந்தாது. தாழங்கரை அவர்களிடம், பொழுதுபோக்கு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

கண்ணாடிவீடு எழுதியது:

நான் எழுதுபவன் அல்லன், வாங்குபவன். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் காட்சி நடக்கும்போது, உள்ளே போவதற்கு முன் வெளியே நடைபாதைக் கடைகளில் ஒரு மணி நேரமாவது செலவிடுவேன். அங்கும் சில ஆண்டுகளாகத் தங்கள் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் எழுத்தாளர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் நூலை வாங்கியும் இருக்கிறேன், வாங்காமல் ஓடியும் இருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எழுதியவர் எதிரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் நூலைப் படித்துப் பார்க்க முடிவதில்லை. இரண்டு வரி படித்துவிட்டுக் கீழே வைத்தால் அவர் மனம் புண்படுமே என்ற எண்ணம் வருகிறது. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க, நூலை எடுக்காமலே கடந்து போகிறேன். அல்லது சங்கடத்துக்காகவே வாங்கி, வீட்டில் படிக்காமல் வைத்துவிடுகிறேன். இரண்டும் எழுத்தாளருக்கு நல்லதல்ல. பழைய புத்தகக் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் மிகுந்த நாகரிகம் உள்ளவர்கள். நாம் நூலை எடுத்ததும் அவர்கள் வேறு எங்கோ பார்ப்பார்கள், தூசி தட்டுவார்கள், தேநீர் குடிப்பார்கள்; எவ்வளவு நேரம் நின்று படித்தாலும் கேட்க மாட்டார்கள். விலை கேட்டால்தான் திரும்புவார்கள். எழுத்தாளர்களும் நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசினால் போதும். தொகுப்பின் மிகச் சிறிய கதையை ஒரே தாளில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தாலும் நல்லது. அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் சிலர் அந்தத் தாளைப் பேருந்தில் படிப்பார்கள்; அதன் கீழே கியூ.ஆர். குறியீடு இருந்தால் அங்கிருந்தே வாங்குவார்கள்.

பழையசரக்கு எழுதியது:

வைகைமணல் ஐயா எங்களுக்காகப் பேசியதற்கு நன்றி. ஆனால் எழுத்தாளர் ஒருவர் வந்து உட்காருவதால் எங்கள் பிழைப்பு கெடுவதில்லை. அவர் சரக்கு வேறு, எங்கள் சரக்கு வேறு. அவரைப் பார்க்க வரும் நண்பர்கள் எங்களிடமும் வாங்குகிறார்கள். எங்களைக் கெடுப்பது கள்ள அச்சுப் புத்தகம் விற்பவர்கள்தான். போட்டித் தேர்வு நூல்களையும் புகழ்பெற்ற நாவல்களையும் மங்கலான தாளில் அச்சிட்டுக் குவிக்கிறார்கள். சோதனை வந்தால் மொத்த வரிசைக்கும் கெட்ட பெயர்.

இருந்தாலும் அம்மா ஒவ்வொரு வாரமும் பத்து மணி நேரம் உட்கார வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காலை முழுவதும் உட்கார்ந்தது வீண் உழைப்பு. புது நூல் வாங்கும் ஆள் காலையில் தெருவுக்கு வருவதில்லை. காலையில் வருபவர் பழைய நூல் தேடும் பழகிய வாடிக்கையாளர். மாலை நான்கு முதல் எட்டு வரை போதும். நீங்கள் சொன்ன கழிப்பறைச் சிக்கலும் பாதி தீரும். மற்ற நாள்களுக்குப் படிகளை எங்களைப் போன்ற கடைக்காரரிடம் கொடுத்து வையுங்கள். நாங்கள் 40 விழுக்காடு கேட்க மாட்டோம். 25 விழுக்காடு கொடுங்கள். ஐந்து படி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த ஐந்தும் போன பிறகு பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஐந்தைக் கொடுங்கள். ஐந்து என்றால் இருவருக்கும் கணக்கு நினைவில் இருக்கும், மழையில் நனைந்தாலும் நட்டம் சிறியது.

எப்போதாவது சரக்கைப் பறிமுதல் செய்தால் வாக்குவாதம் வேண்டாம், பட்டியல் கேட்டு வாங்குங்கள். ஐயா சொன்ன அதே 2014 சட்டத்தில் அது இருக்கிறது. எடுத்த பொருள்களுக்கு அதிகாரி கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். கெட்டுப்போகாத பொருளாக இருந்தால், கட்டணம் கட்டிக் கேட்ட பிறகு இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பட்டியல் இல்லாமல் போன புத்தகத்தை நான் ஒருமுறையும் திரும்பப் பார்த்ததில்லை.

நூலடுக்கு எழுதியது:

நூலகப் பணியில் இருப்பவன். தெருவில் விற்கும் நூலாக இருந்தாலும் இரண்டு வேலைகளை விட்டுவிடாதீர்கள். ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனி எழுத்தாளரும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. அடுத்து, 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய நான்கு இடங்களின் நூலகங்களுக்கும் தலா ஒரு படியை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பாளர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. உங்கள் முந்நூறு படிகளும் விற்றோ தொலைந்தோ போன பிறகு, ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடி வந்தால், அவர் கையில் கொடுக்க எங்களிடம் ஒரு படி இருக்க வேண்டும். எழும்பூர் கன்னிமாராவுக்கு நீங்கள் நேரிலேயே கொடுக்கலாம்.

தாழங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கன்னிமாராவுக்கான படியை இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன். மற்ற மூன்றும் அஞ்சலில் போகும். பாரதி சாலையில் இடம் கொடுத்த பெரியவரிடம் ஐந்து படிகளை 25 விழுக்காட்டுக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டேன். அவர் 20 போதும் என்றார். 25 என்றே குறித்துக்கொண்டேன். கணக்கைப் பார்த்தாலும் இது எனக்கு நன்மையே: 180க்கு விற்றால் 135 கைக்கு வரும், 150க்கு விற்றால் 112 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். கடையில் 180க்கு விற்றுக் கிடைப்பதைவிட அதுவும் அதிகம்.

வைகைமணல் ஐயா, நான் மாலை நேரத்தில் மட்டும், அந்தப் பெரியவரின் கடைக்குள்ளேயே, அவருடைய விற்பனையாகவே கணக்கு வைத்து உட்காருவதாக இருக்கிறேன். எனக்கென்று தனி இடம் பிடிப்பதில்லை. அப்படி விற்கும் படிகளுக்கும் அவருக்கு அதே 25 விழுக்காடு. இது உங்கள் எதிர்ப்புக்கு முழு விடையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அச்சுமை அவர்களிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. கண்ணாடிவீடு சொன்னபடி என் மிகச் சிறிய கதையை ஒரே தாளில், இரு பக்கமும் அச்சிட்டு, நடுவில் மடித்துக் கொடுக்க நினைக்கிறேன். கதை அறுநூறு சொல். ஏ4 தாளில் எழுத்தளவு பதினொன்று வைத்தால் பேருந்து வெளிச்சத்தில் படிக்க முடியுமா, அல்லது பன்னிரண்டாக வைத்து இரண்டு தாளாக்க வேண்டுமா?

அச்சுமை எழுதியது:

பன்னிரண்டே வையுங்கள். அறுநூறு சொல் ஏ4 தாளின் இரு பக்கத்தில் தாராளமாக அடங்கும், இரண்டாவது தாள் தேவைப்படாது. நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கம் வரும். கியூ.ஆர். குறியீட்டைக் கடைசிப் பக்கத்தின் அடியில், மடிப்பில் படாமல், குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வையுங்கள். கறுப்பு மட்டும் போதும், நிறம் வேண்டாம். கோப்பை அனுப்பும்போது எழுத்துருவைச் சேர்த்துப் பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்; இல்லையென்றால் எங்கள் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.